சீட்டு வந்துச்சாம்

திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் ஏறினால் இந்தக் கதையை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பொண்ணு ஒரு சீட்டைச் சொன்னாளாம், அப்பன் வேறு சீட்டைச் சொன்னானாம், நடுவில் ஒரு 'ம்' புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதாம். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. மீதிக் கதை என் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து அர்ச்சனைச் சீட்டு கிழித்துக்கொண்டிருக்கிறது. பெயர் மனோரமா. மலைமேல் கோயிலில் அவள் சீட்டு கொடுக்கிறாள், நான் பிரசாதம் கொடுக்கிறேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். கூட்டமில்லாத மத்தியானங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அவள் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவள் திருத்தணியில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தாள். சொந்த வீடு பொதட்டூர்பேட்டையில். அப்பா ஆதிகேசவன் வீட்டுத் தறியில் லுங்கி நெய்கிறவர். பள்ளிக்கூடத்தை இரண்டாவதோடு முடித்துக்கொண்டவர். அவருக்கு மட்டும் மகள் காலேஜுக்குப் போகவேண்டும் என்று எப்படியோ ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. அதற்காகவே அவளைத் திருத்தணியில் தன் அக்கா ஞானம்மாளிடம் விட்டிருந்தார். ஞானம்மாளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரம் விற்கிற கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அறையில் பாதி தேங்காய் மூட்டை, மீதியில் இரண்டு பாய்.

மனோரமாவோடு வகுப்பில் சேர்ந்த பெண்கள் வருஷத்துக்கு ஒருத்தியாகக் கல்யாணமாகிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி வருஷத்தில் பெண்கள் பெஞ்சில் அவள் ஒருத்திதான். ஐந்து பேர் உட்காரும் பெஞ்சு. சாப்பாட்டு வேளையில் தூக்கைத் திறந்து தனியாகத் தின்று, தனியாகக் கழுவி வைத்துவிட்டு, மணி அடிக்கும்வரை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் கணக்கில் தொண்ணூற்று மூன்று வாங்கினாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கிய மார்க் அது என்று என்னிடம் சொன்னாள்.

இங்கிலீஷில் நாற்பத்தெட்டுதான். வந்த தொல்லை அதுதான். திருத்தணியில் அப்போது காலேஜ் கிடையாது. பி.யு.சி. படிக்கவேண்டுமானால் ஒரு பக்கம் மெட்ராஸ், இன்னொரு பக்கம் திருப்பதி. ஊர் ஆந்திராவில் இருந்த காலத்தில் அவள் சின்ன வகுப்புகளைத் தெலுங்கில் படித்தவள். தாலுகா இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிறகு தெலுங்கு எழுத்து கையை விட்டுப் போய்விட்டது. ஆகவே திருப்பதி இல்லை. மெட்ராஸில் ஹாஸ்டல் உள்ள ஒரு பெண்கள் கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பம் போட்டார்கள். தலைமை ஆசிரியை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது, "கணக்கு மார்க்கைப் பார்த்தா குடுப்பாங்க, இங்கிலீஷைப் பார்த்தா குடுக்கமாட்டாங்க. எதை முதல்ல பாப்பாங்களோ" என்றார். சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

விண்ணப்பத்தில் இரண்டு விலாசம் கேட்டிருந்தார்கள், இப்போது இருக்கிற விலாசம் ஒன்று, நிரந்தர விலாசம் ஒன்று. முதலில் அத்தையின் கடையை எழுதினாள். இரண்டாவதை அப்பா வழக்கமாகச் சொல்லுகிற மாதிரியே சொல்ல, அவளும் அப்படியே எழுதினாள். சேர்க்கை கார்டு எந்த விலாசத்துக்கு வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கே வந்தாலும் பஸ் கண்டக்டர் ஜம்புலிங்கத்திடம் சொல்லி அனுப்புவது என்று ஏற்பாடு. அந்த நாளில் அந்தத் தடத்தில் தபாலைவிட ஜம்புலிங்கம் வேகம். மருந்து, பூ, சாவுச் செய்தி எல்லாம் அவர் பை வழியாகத்தான் போகும்.

இனிப் பணம். முதல் தவணைக்கும் ஹாஸ்டல் முன்பணத்துக்குமாக முந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் வேண்டும். ஆதிகேசவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று, மளிகைக் கடை பங்காரு நடத்திய ஐந்நூறு ரூபாய் ஏலச்சீட்டு. தறிக்காரர்கள் அமாவாசையன்று தறியை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு மத்தியானம் பங்காரு கடை வாசலில் சீட்டு ஏலம். அவசரக்காரர் யார் அதிகமாக விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்குச் சீட்டு. நூற்றைம்பது தள்ளி எடுத்தால் கையில் வருவது முந்நூற்றைம்பது, ஆனால் மாதாமாதம் கட்டவேண்டியது கட்டித்தான் ஆகவேண்டும். அவசரப்படாமல் கடைசிவரை இருந்தால் முழுப் பணமும் வரும். ஆனி அமாவாசைக்கு இரண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் சீட்டுக்குக் காத்திருந்தார்கள். அதனால் ரொம்பத் தள்ளாமல் எடுக்க முடியாது.

அமாவாசைக்கு நான்கைந்து நாள் முன்பு ஆதிகேசவன் திருத்தணிக்கு வந்தார். கடைக்கு முன்னால் நின்றபடியே கேட்டார்.

"கெடைக்குமாம்மா?"

"தெரியல நைனா."

"உனக்குத் தெரியலனா எனக்கு இன்னா தெரியும்? நீ படிச்சவ. ஒரு மாதிரி சொல்லேன். பாதியா, முக்காலா?"

கிடைக்கும் என்று சொல்லி அவர் பணத்தைத் தள்ளிச் சீட்டை எடுத்து, பிறகு கிடைக்காமல் போனால் அந்த நூற்றைம்பது அவள் தலையில் விழும். கிடைக்காது என்று சொன்னால் காலேஜ் அங்கேயே முடிந்தது. மார்க்கைப் பற்றித் தெரிந்த தலைமை ஆசிரியைக்குப் பணத்தைப் பற்றித் தெரியாது. பணத்தைப் பற்றித் தெரிந்த அப்பாவுக்கு மார்க்கைப் பற்றித் தெரியாது. இரண்டையும் சேர்த்து யோசிக்க அவள் ஒருத்திதான். பதினாறு வயசு.

"பாதி நைனா" என்றாள்.

ஞானம்மாள் ஒரு தேங்காயைக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "என்னைக் கேட்டா தேங்காயைத் தட்டிச் சொல்லுவேன். காலேஜை எங்கடா தட்டறது?" என்றாள்.

கடைசியில் ஆதிகேசவனே முடிவு செய்தார். "கார்டு வந்தா எவ்ளோ தள்ளியாவது எடுத்துடறேன். வரலனா கம்முனு இருந்துடறேன். அமாவாசை மத்தியானத்துக்குள்ள சொல்லி அனுப்பு."

அவளுக்கும் ஒரு திட்டம் இருந்தது. சேர்க்கைப் பட்டியலைக் கல்லூரி போர்டில் ஒட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அமாவாசைக்குள் கார்டு வராவிட்டால் மறுநாள் காலை ரயிலுக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போய் நேரில் பார்த்துவிடுவது. அத்தை அரைமனதாகச் சரி என்றிருந்தாள்.

அமாவாசை வந்தது. தபால்காரர் கடையைத் தாண்டி நேரே போய்விட்டார். பொதட்டூர்பேட்டை விலாசத்துக்கு வந்திருக்குமோ என்று மனோரமா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. படியில் நின்ற ஜம்புலிங்கத்திடம் கத்தினாள்.

"அண்ணா, சீட்டு வந்துச்சானு நைனாகிட்ட கேட்டுகினு வாங்க."

ஆங் என்று கையைத் தூக்கினார் ஜம்புலிங்கம்.

பொதட்டூர்பேட்டையில் பஸ் பங்காரு கடையருகே நின்றபோது ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். பஸ்ஸின் என்ஜினும் ஓடிக்கொண்டிருந்தது. ஜம்புலிங்கம் படியில் நின்றபடியே கூப்பிட்டார். "ஆதிகேசவா, உம் பொண்ணு சொல்லி அனுப்புச்சு. சீட்டு வந்துச்சா..."

ஆதிகேசவன் காதில் விழுந்தது, வந்துச்சாம்.

அந்த 'ம்' எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றித்தான் பஸ்ஸில் இன்றுவரை பட்டிமன்றம் நடக்கிறது. நான் கேள்விதான் கேட்டேன் என்கிறார் ஜம்புலிங்கம். நீ சொன்னாய் என்றார் ஆதிகேசவன், சாகிறவரை. என்னைக் கேட்டால் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்த மனுஷன் ஒரு மாதமாக எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாரோ அந்தச் சொல் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மகளுக்குக் காலேஜ் சீட்டு கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டு ஏலத்தில் உட்கார்ந்தார். நூற்றைம்பது கேட்டவர்கள் முன்னால் நூற்றெழுபது தள்ளினார். கல்யாண வீட்டுக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். சீட்டு அவருக்கு விழுந்தது. ஜாமீன் கையெழுத்தெல்லாம் வாங்கிச் சனிக்கிழமை பணம் கொடுப்பதாகப் பங்காரு சொன்னார். பஸ் திரும்பும்போது ஜம்புலிங்கம், "இன்னா சொல்லட்டும் உம் பொண்ணுகிட்ட?" என்று கேட்டார்.

"சீட்டு வந்துடுச்சுனு சொல்லு. சனிக்கிழமை பொட்டி கட்டிகினு வரச்சொல்லு."

ஜம்புலிங்கம் ஓர் எழுத்து பிசகாமல் அப்படியே வந்து சொன்னார்.

ஆதிகேசவன் சொன்னது ஏலச்சீட்டு. மனோரமா கேட்டது காலேஜ் சீட்டு. கார்டு பொதட்டூர்பேட்டைக்கு வந்துவிட்டது, அப்பா கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கடைத்தெரு நடுவில் நின்று அழுதாளாம். ஞானம்மாள் அன்றைக்கு ஒரு காரியம் செய்தாள். தேங்காய் விற்கிறவள், சாமிக்குக்கூட ஒரு காயை இனாமாகக் கொடுத்தவள் இல்லை. அவள் நல்ல பெரிய காயாகப் பொறுக்கி எடுத்து மலையின் முதல் படியில் உடைத்தாள். "இங்கிலீஷாம் இங்கிலீஷ்" என்று யாரையோ திட்டினாள்.

மறுநாள் மெட்ராஸ் போவதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று. போர்டை எதற்குப் பார்க்கவேண்டும்? முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டது, மலைமேல் கல்யாணங்கள், கடையில் கூட்டம். வெள்ளிவரை மனோரமா கடையில் நின்றாள். அந்த மூன்று நாளும் அவள் மனசுக்குள் ஹாஸ்டலில் இருந்தாள். அங்கே ஓர் அறையில் மூன்று நான்கு பெண்கள் இருப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். விளக்கை அணைத்த பிறகும் பேசுவார்களாம். படிப்பைவிட அதைத்தான் நிறைய நினைத்தேன் அண்ணா என்று அவள் சொன்னாள்.

சனிக்கிழமை பிற்பகல் தகரப் பெட்டியோடு பஸ் ஏறினாள். சின்னதாகப் பூட்டு தொங்குகிற பெட்டி. வீட்டு வாசலில் அம்மா குப்பம்மாள் நின்றிருந்தாள். உள்ளே அப்பா தறியிலிருந்து எழுந்து வந்தார். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு.

"குடு நைனா" என்று கையை நீட்டினாள்.

அவர் மூலையிலிருந்த துண்டு முடிச்சை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார். கனமாக இருந்தது.

"இது இல்ல. கார்டு."

"இன்னா கார்டு?"

"சீட்டு வந்துடுச்சுனு சொல்லி அனுப்பினியே."

"இதாம்மா சீட்டு. முந்நூத்தி முப்பது. நூத்தி எழுபது தள்ளி எடுத்தேன்." அவருக்கும் அப்போதுதான் ஏதோ பிடிபட ஆரம்பித்தது. "கார்டு உங்கிட்டதானே கீது? நீதானே வந்துச்சாம்னு சொல்லி அனுப்புன?"

"வந்துச்சானு கேட்டேன் நைனா."

பெட்டி இன்னும் வாசலில்தான் இருந்தது. குப்பம்மாள்தான் முதலில் அதைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

ஞாயிறு காலேஜ் மூடியிருக்கும். திங்கள் விடிகாலை அப்பாவும் மகளும் மெட்ராஸ் போனார்கள். பணம் துண்டோடு அவர் மடியில். கல்லூரி வாசலைத் தாண்டிப் போர்டுக்குப் போனால் பட்டியல் ஒட்டியிருந்தது. மனோரமா கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போனாள். கீழேதான் இருப்போம் என்று நினைத்தாளாம். மேலே, ஏழாவது எட்டாவது இடத்திலேயே பெயர் இருந்தது. பி.யு.சி., கணக்குப் பிரிவு. பொதட்டூர்பேட்டை ஏ. மனோரமா. பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

ஆபீஸில் இருந்த அம்மாள் நல்லவிதமாகத்தான் பேசினார். கார்டு பத்து நாள் முன்பே அனுப்பியாயிற்று, பணம் கட்டக் கடைசி நாள் சனிக்கிழமை, வராதவர்கள் இடத்தை இன்று காலை அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டோம், ஹாஸ்டலும் நிரம்பிவிட்டது என்றார். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆதிகேசவனுக்கு அந்தப் பேச்சு பாதிதான் புரிந்தது. துண்டை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"பணம் கீதுங்க."

"தெரியுதுங்க. இடம் இல்லை."

"முழுசா கீதுங்க. எண்ணிக்குங்க."

அந்த அம்மாள் அவளைப் பார்த்தார். மனோரமா துண்டை முடிந்து அப்பா கையில் கொடுத்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

திரும்பும் ரயிலில் அவர் அரக்கோணம் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவளுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லவேண்டும்போல இருந்தது. பட்டியலில் தன் பெயரைப் பார்த்த அந்தக் கணம், சிவப்புக் கோடு கண்ணில் படுவதற்கு முன்னால், சந்தோஷமாக இருந்தது. பாதி என்று சொன்னது தப்பு, முழுசாகவே கிடைத்திருந்தது. இதை யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால் அவர் நெஞ்சு வெடித்துவிடும். அத்தையிடம் சொன்னால் உடைத்த தேங்காயைச் சொல்லிப் புலம்புவாள். சொல்லக்கூடிய வயசில் ஒரு சிநேகிதி இல்லை. பதினாறு வருஷம் கழித்து, புளியோதரை எடைபோட்டுக்கொண்டிருந்த என்னிடம் சொன்னாள்.

கார்டு அதே வாரம் புதன்கிழமை வந்தது, பொதட்டூர்பேட்டைக்கு. ஆந்திராவில் நாலு ஊர் முத்திரை அதன்மேல் குத்தியிருந்தது. நிரந்தர விலாசத்தில் அப்பா, பிறந்ததிலிருந்து தன் வாயில் வருகிற மாதிரியே, சித்தூர் ஜில்லா என்று சொல்லியிருந்தார். ஊர் அந்த ஜில்லாவை விட்டு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. சொன்னவருக்கும் உறைக்கவில்லை, எழுதியவளுக்கும் உறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் வயசானவர்கள் வாய் தவறிச் சித்தூர் ஜில்லா என்பார்கள். கார்டு சித்தூர் போய், அங்கிருந்து எங்கெங்கோ சுற்றி வந்து சேர்ந்தது.

ஆக, ஒரே வாரத்தில் இரண்டு சீட்டும் வந்திருந்தன. வீட்டில் பணம் இருந்தது, மெட்ராஸில் இடம் இருந்தது. அந்த 'ம்' மட்டும் விழாமல் இருந்திருந்தால் மறுநாளே போய்ப் போர்டைப் பார்த்திருப்பாள், பணத்துக்கு அப்பா சனிக்கிழமைக்குள் எங்கேயாவது கடன் வாங்கியிருப்பார். பஸ்ஸில் சிரிக்கிறார்களே, அவர்களுக்கு இது தெரியாது.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஆதிகேசவன். நூல் விலை ஏறிய ஒரு மாதத்தில் பணம் நூலாகிவிட்டது. எடுத்துவிட்ட சீட்டுக்கு அவர் கடைசித் தவணைவரை கட்டினார், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல். மிச்சமிருந்ததில் மனோரமா திருத்தணியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டாள். கொஞ்ச வருஷத்தில் ஊரிலேயே காலேஜ் வந்தது. அப்போது அவள் கோயில் ஆபீஸில் தற்காலிகமாகச் சேர்ந்துவிட்டிருந்தாள். தற்காலிகம் நீண்டுகொண்டே போயிற்று. கல்யாணப் பேச்சு வந்தது, நின்றது, மறுபடி வரவில்லை. அப்பா போனார், அத்தை போனாள். அந்தப் பின்னறையில் இப்போது தேங்காய் மூட்டை இல்லை, ஒரே ஒரு பாய். வேலை முடிந்தால் நேரே அங்கே போவாள். லீவு போடமாட்டாள். லீவு போட்டு என்ன செய்வேன் என்பாள்.

இந்த எண்பத்து நாலாம் வருஷம் ஜூனில் ஒரு நாள் மத்தியானம் ஓர் ஆளும் அவர் மகளும் அவள் ஜன்னலுக்கு வந்தார்கள். பள்ளிப்பட்டுப் பக்கம். அவர் கை விரலில் சாயக் கறை இருந்தது.

"பொண்ணுக்கு மெட்ராஸ் காலேஜ்ல சீட்டு கெடைக்கணும்னு ஒரு அர்ச்சனைச் சீட்டு குடுங்கம்மா."

மனோரமா பேர், நட்சத்திரம் கேட்கவில்லை. "லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வரும்னாங்க. காத்துகினு கீறோம்."

"காத்துகினு இருக்காதீங்க. நாளைக்குக் காலைல ரயில் ஏறிப் போயி போர்டைப் பாருங்க. அட்ரெஸ்ல ஜில்லா இன்னா எழுதினே பாப்பா?"

"செங்கல்பட்டுங்க" என்றது அந்தப் பெண், பயந்துபோய்.

"சரி. வந்துச்சாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. கையில வாங்கிப் பாருங்க." அப்புறம்தான் நட்சத்திரம் கேட்டாள்.

அவர்கள் போனபிறகு அந்த ஜூன் முழுக்கவும், ஜூலையிலும், ஜன்னலுக்கு வருகிற ஒவ்வொரு முகத்தையும் அவள் ஒரு கணம் அதிகமாகப் பார்த்தாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். காவடிக் கூட்டம் மலையை நிறைத்திருந்தது. சீட்டு வரிசை மண்டபத்தைச் சுற்றி நீண்டிருந்தது. வரிசையில் நிற்காமல் ஓர் ஆள் பக்கவாட்டில் புகுந்து ஜன்னலுக்கு வந்தார். வரிசை திட்டியது. சாயக்கறைக் கை.

"அம்மா, எம் பொண்ணுக்கு சீட்டு வந்துடுச்சும்மா."

மனோரமா பேனாவைக் கீழே வைத்தாள். "எந்தச் சீட்டு? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"ஆங், பணம் கட்டி ஹாஸ்டல்ல விட்டுட்டுதாம்மா வரேன். நீங்க சொன்ன மாதிரி மறுநாளே போனோம். லெட்டர் இன்னும் வரல. ரூம்ல மூணு பொண்ணுங்க. நான் கெளம்பறதுக்குள்ளயே சிரிச்சி பேச ஆரம்பிச்சிட்டாங்க."

மனோரமா ஜன்னல் கதவைச் சாத்தினாள். இத்தனை வருஷத்தில் நேரத்துக்கு முன்னால் அவள் அதைச் சாத்தியதில்லை. வெளியே வரிசை கத்தியது, தட்டியது. அந்தக் கூட்டத்தை நான் என் ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டேன், அர்ச்சனைச் சீட்டு என்னிடம் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுதாள் என்று எழுதி முடித்தால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அவள் சொன்னது அது இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறக்கப் போகும் முன், என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"எனக்கும் வந்திருந்துச்சு அண்ணா."